கன்னியம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்த நாள்

நாங்கள் இருளர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கப்பா இந்த ஒரு வார்த்தையை வெளியில் சொல்லாமலே பாதி ஆயுளை ஓட்டினார். அப்படிச் சொல்லாமல் விட்டதில் எங்கள் அக்காவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரம் இல்லை.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள். ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் ஏரி ஓரமாக எங்கள் வீடு. ஓலைக் கூரை, மண் சுவர், பின்னால் ஒரு வேப்பமரம். அப்பா ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீடுகளில் தோட்ட வேலை செய்தார். திருநெல்வேலி, சேலம், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களுடைய ரோஜாச் செடிக்கு மண் கொத்துவது, வேலி கட்டுவது, முருங்கை ஒடிப்பது அப்பாவின் வேலை. "நீ எந்த ஆளுப்பா?" என்று யாராவது கேட்டால், "பக்கத்து கிராமம் சார், பயிர் வெக்கிற குடும்பம்" என்பார். எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. அப்பாவின் அண்ணனை ஒரு தடவை போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கேயோ ஒரு வீட்டில் பித்தளை அண்டா காணாமல் போயிருந்தது. பெரியப்பாவுக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. திரும்பி வந்தபோது அவருக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. இருளன் என்றால் போதும், ஸ்டேஷனில் ஒரு கேஸ் தயாராக இருக்கும். அதனால் அப்பா ஒளிந்துகொண்டார். தான் ஒளிந்ததோடு கன்னியம்மாவையும் ஒளித்து வைத்தார். அதுதான் தப்பாகப் போனது.

கன்னியம்மா எங்கள் தெய்வம். கன்னிமார் ஏழு பேர். ஏழு பேரையும் சேர்த்து ஒருத்தியாகத்தான் நாங்கள் கூப்பிடுவோம். அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் வீட்டைவிட்டுக் கடலுக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு மாசிப் பௌர்ணமிக்கும் எங்கள் ஜனம் முழுக்க மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும். மணலில் படி கட்டி, பூ வைத்து, அவளைக் கெஞ்சிக் கொஞ்சி, கடல் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு, அதில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரும். எங்கள் குடும்பத்தில் அவள் வந்து இறங்குவது அம்மா மேல். குவார்ட்டர்ஸ் வேலை கிடைத்த வருஷத்திலிருந்து அப்பா இதை நிறுத்திவிட்டார். "கும்பலா லாரில மேளம் தட்டிகினு போனா ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார். அப்போதெல்லாம் அம்மா எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்கு அம்மா மேலும் கோபம் உண்டு.

அக்காவுக்கு ஆரம்பித்தது ஒரு தை மாதம்.

அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் ஆடு பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன. தேடிப் போனால், அக்கா ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கரைக்கு இழுத்து வந்து தலையைத் துவட்டினேன். கூந்தலில் வந்தது ஏரி வாடை இல்லை. உப்பும் மீனும் கலந்த கடல் வாடை.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சாப்பிடுவாள், தூங்குவாள், உட்காருவாள். கண் மட்டும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். அவள் தலைமுடி எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. மத்தியான வெயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் காற்று சில்லென்று இருக்கும். மெதுவாக, சங்கைக் காதில் வைத்த மாதிரி, ஒரு இரைச்சல் கேட்கும். எனக்குத் தூக்கம் தூக்கமாக வரும். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் விழித்திருந்து பார்த்தவை போலத் தோன்றுவதில்லை. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பேன். பயந்திருக்க வேண்டியது நியாயம். ஆனால் பயம் வராது.

பயம் வந்தது வாசலைப் பார்த்தபோது. காலையில் அம்மா பெருக்கிய மண் வாசலில் ஈரக் கால் தடங்கள் இருந்தன. அக்காவின் கால் எனக்குத் தெரியும். அவள் தடத்துக்குப் பக்கத்தில் வேறு தடங்கள். ஒன்று சின்னது, ஒன்று அகலம், ஒன்றில் விரல்கள் நீளம். ஏழு ஜோடி. எல்லாம் வீட்டிலிருந்து ஏரியைப் பார்த்துப் போயின. திரும்பி வந்தது அக்காவின் கால் மட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் தூங்கினாள், எழுந்ததும் ஏரிக்குப் போனாள்.

அம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார்.

"கன்னி கோச்சிகினு கடலுக்குப் போயிட்டா. வருசக்கணக்கா நாம போயி கூப்பிடல. இப்ப தொணைக்கு ஆள் கேக்குறா. பெரியவள இட்டுகினு பூடுவா."

"சும்மா கெட."

"சும்மா கெடந்து கெடந்துதான் இந்த கதி. மாசிக்கு நான் போறேன். நீ வந்தா வா, வராங்காட்டி உன் ரோசா செடியக் கட்டிகினு அழு."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். ஆனால் வந்தார். மகள் போய்விடுவாள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி கொண்டு வந்தது மாமா, அம்மாவின் தம்பி. பாடியில் ஒரு பட்டறையில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் என்ன சொன்னாரோ, டெம்போவோடு வந்து நின்றார். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சாமியும் கிடையாது, நிமிஷத்துக்கு ஒரு கிண்டல் இருந்தது. என்னைப் பார்த்து, "இன்னாடி வாயாடி, கடலுக்குப் போறியே, கடலையும் திட்டுவியா?" என்றார்.

"திட்டுவேன். உன்ன சேத்து திட்டுவேன்."

"அப்போ டீசலு போட்டது வீணாவல."

கடற்கரையில் விடிகிற நேரத்தில் நடந்ததை நான் அதிகம் எழுத மாட்டேன். அது எங்களுக்குள் இருக்கட்டும். எங்கள் ஜனம் அவ்வளவு பேரை ஒரே இடத்தில் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கு பார்த்தாலும் பாயும் துணியும் பானையும் தூங்கும் பிள்ளைகளும். வானம் சாம்பல் நிறத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அம்மா ஈர மணலில் படிகள் கட்டினாள், பூ வைத்தாள், பொரி வைத்தாள். அப்புறம் அவள் தலைமுடி தானாக அவிழ்ந்தது. இவ்வளவு வருஷம் வாயே திறக்காத அம்மா, ஒரு சின்னப் பெண்ணின் குரலில் சிரித்தாள். அலை முழங்கால் வரை வந்து நின்றது. திரும்பிப் போகாமல் அப்படியே நின்ற மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

"வரேன்," என்றது அந்தக் குரல். "ஆனா மறச்சி வெக்கக் கூடாது. தெரியிற மாதிரி இட்டுகினு போணும்."

அம்மா குடத்தில் தண்ணீர் மொண்டாள். வேப்பிலை செருகி, மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் வைத்தாள். அக்கா அந்தக் குடத்தைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் கண் ஒரு பொருள் மேல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்னி ஏறிய குடத்தை வழியில் தரையில் வைக்கக் கூடாது. அவள் எங்கே இறங்குகிறாளோ அதுதான் அவள் வீடு. அம்மா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவின் பின்பக்கம் ஏறினாள். சாமி வந்துபோன உடம்பு தாங்குமா? திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டோம்.

அப்பா தூங்கவில்லை.

குன்றத்தூர் நெருங்கும்போது தெரிந்த முகங்கள் வரும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. குவார்ட்டர்ஸ்காரர்கள் அந்தப் பக்கக் கோயில்களுக்கு வருவார்கள். டெம்போவின் பின்பக்கம் திறந்தபடி இருக்கும், உள்ளே இருப்பது ரோட்டுக்கே தெரியும். அவர் அம்மாவின் மடியிலிருந்து குடத்தை எடுத்தார். வேப்பிலையை எடுத்து வெளியே போட்டார். மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். குடத்தைக் கோணி மேல், வழிக்குக் கொண்டு வந்த தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போது பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பம் இரண்டு குடம் தண்ணீரோடு எங்கேயோ போய் வருகிறது, அவ்வளவுதான்.

மாங்காடு தாண்டியதும் டெம்போ புகைய ஆரம்பித்தது. மாமா ஓரம்கட்டினார். இஞ்சின் கொதித்து விசில் அடித்தது. மாமா சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, பின்னால் வந்தார். அப்பா ஒதுக்குப்புறமாக வேலி ஓரம் போயிருந்தார். பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். மாமா முதலில் கைக்கு வந்த குடத்தை எடுத்தார். அவருக்குத் தெரிந்த கன்னிக் குடத்தில் வேப்பிலை இருக்கும், மஞ்சள் இருக்கும். இது வெறும் குடம். ரேடியேட்டர் குடித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தது. மாமா மூடியைப் போட்டு, இஞ்சினை ஓடவிட்டார்.

"சுடுது!"

அது அக்காவின் குரல். இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. நான் பதறி எழுந்தேன். அக்கா டெம்போத் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, கைகள் சிவந்து, ஈரத் தலையிலிருந்து ஆவி வந்தது. உலை மூடியைத் தூக்கினால் வருமே, அப்படி. "சுடுது, சுடுது, ஐயோ வெளிய உடு!"

அம்மா மடியைத் தடவினாள். "கொடம் எங்கடா?"

மாமா எட்டிப் பார்த்தார். "எந்தக் கொடம்? ரெண்டும் அங்கதான் கீது. ஒண்ண ரேடியேட்டர்ல ஊத்திட்டேன்."

அம்மா மிச்சமிருந்த குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நல்ல தண்ணீர். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அப்போதுதான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். கையில் இன்னமும் அந்தத் துண்டு இருந்தது, அதில் குங்குமம்.

"ஆஃப் பண்ணு!" என்று நான் கத்தினேன். "மாமா, வண்டிய ஆஃப் பண்ணு! சாமி உள்ள வெந்துகினு கீது!"

மாமா சிரிக்கப் பார்த்தார். அக்காவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். இஞ்சின் அடங்க அடங்க அக்கா அடங்கினாள். ஒரு தடவை பார்க்கலாம் என்று மாமா மறுபடி சாவியைத் தொட்டார். தொட்டதற்கே அக்கா உடம்பு வில்லாக வளைந்தது. அதற்கப்புறம் அவர் சாவியைத் தொடவில்லை. கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"ஆறட்டும் யக்கா. ஆறினதும் அடியில திருவு கீது, அதத் தொறந்து கொடத்துல புடிச்சிக்கலாம்."

"இங்க தொறந்தா இங்க எறங்கிடுவா. நடு ரோட்ல எறங்கினவ ரோட்லயே நின்னுடுவா. இவளும் கூட நின்னுடுவா." அம்மா அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். "ஊட்லதான் தொறக்கணும்."

"ஊடு எங்க கீது, நாம எங்க கீறோம்? இழுத்துகினு போவ எவன் வருவான்?"

மாமா ரோட்டில் நின்று கையைக் காட்டினார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவன் நிறுத்தினான். கயிறு எடுக்கக்கூட இறங்கினான். பின்பக்கம் எட்டிப் பார்த்தவன், தலையிலிருந்து ஆவி வரும் பெண்ணைப் பார்த்துவிட்டு, அப்படியே ஏறிப் போய்விட்டான்.

அப்போது நான் அப்பாவைத் திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் துண்டைத் தலையில் சுற்றினார், டெம்போவின் பின்னால் போய்க் கையை வைத்தார்.

"தள்ளு," என்றார்.

அப்படித்தான் நாங்கள் கன்னியம்மாவைத் தள்ளிக்கொண்டு கிளம்பினோம். மாமா ஸ்டியரிங்கை வெளியிலிருந்தே ஒரு கையால் பிடித்துக்கொண்டு தள்ளினார். அப்பாவும் நானும் பின்னால். அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டு உள்ளே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையான்சாவடியில் ஆவடி ரோட்டுக்குத் திரும்பியபோது என் செருப்பு அறுந்து போனது. தார் உருகிக் காலில் ஒட்டியது. முன்னால் ரோடு பளபளவென்று தண்ணீர் மாதிரி அசைந்தது. அந்தத் தண்ணீரை நோக்கித் தள்ளினோம். நாங்கள் போகப் போக அது பின்வாங்கியது, அலை மாதிரி. ரெண்டு பக்கமும் புளியமரங்கள் அசையாமல் நின்றன. சத்தமே இல்லை. பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அதற்கும் சத்தம் இல்லை. ஜன்னலில் இருந்த முகங்கள் மிதந்து போயின.

எவ்வளவு தூரம் தள்ளினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் கனம் தெரியாமல் போயிற்று. கூவத்துப் பாலம் மேட்டில் அப்பா மூச்சு வாங்கிக் கையை எடுத்துவிட்டார். எனக்கும் கை நழுவியது. டெம்போ பின்னால் உருளும், நம் மேல் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏறவில்லை. கண்ணைத் திறந்தால் டெம்போ மெதுவாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பின் கதவின் தகரத்தில் ஈரக் கைகளின் தடம். ஒன்று சின்னது, ஒன்று அகலம், ஒன்றில் விரல்கள் நீளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துகொண்டிருந்தன, புதிதாக விழுந்துகொண்டும் இருந்தன.

அப்பாவும் பார்த்தார். "பாத்தியா?" என்றேன். அவர் ஓடிப் போய் அந்தத் தடங்களுக்கு நடுவில் கையை வைத்துத் தள்ளினார்.

நான் கன்னியையும் சும்மா விடவில்லை. தள்ளிக்கொண்டே பேசினேன். "இன்னாடி நெனச்சிகினு கீற? உன்ன மறச்சது எங்கப்பன். அக்கா இன்னா பண்ணா? கோவம்னா அந்தாள புடி, என்ன புடி. ஆடு மேய்க்கிறவள புடிக்கிறியே, வெக்கமாயில்ல?" ரேடியேட்டருக்குள் ஏதோ களுக்கென்று அசைந்தது. மாமா முன்னாலிருந்து, "அடியே, ஏற்கெனவே சூடா கீறா, இன்னும் ஏத்தாத!" என்றார். அந்த நிலைமையிலும் அம்மா சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து ரெண்டு சிரிப்பு கேட்டது. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று அக்காவுடையதா என்று எட்டிப் பார்த்தேன். அக்கா கண் மூடிக் கிடந்தாள்.

ஆவடிக்குள் நுழையும்போது சாயங்காலம். ஷிப்டு விட்டிருந்தார்கள். காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகச் சைக்கிள்கள் ரோடு முழுக்க வந்தன. அப்பா துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

டெம்போ நின்றது.

தள்ளினோம். அசையவில்லை. பாலத்து மேட்டில் தானாக ஏறி வந்த வண்டி, மட்டமான ரோட்டில் வேர்விட்டது போல நின்றது. மாமா சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பின்னால் சைக்கிள்கள் முட்டின. மணி அடித்தார்கள். கூட்டம் சேர்ந்தது. உள்ளே அக்காவின் உதடு வெடித்துக்கொண்டிருந்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். குவார்ட்டர்ஸில் அப்பா பல வருஷமாகத் தோட்டம் பார்த்துவந்த வீட்டுக்காரர். துண்டு மூடிய முகத்தையும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னப்பா, நீயா? லீவு கேட்டப்ப உடம்பு சரியில்லேன்ன? யாரு வண்டி இது? ஏன் நடு ரோட்டுல நிக்குது?"

அப்பா துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். "வண்டி ரிப்பேரு சார்."

உள்ளே அக்கா கத்தினாள். அது வார்த்தையாக இல்லை.

அம்மா பின் கதவில் வந்து நின்றாள். முடி அவிழ்ந்தபடியே இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "சொல்லு," என்றாள். "இவ போறதுக்குள்ள சொல்லு."

எங்கப்பாவை அன்றைக்கு நான் வெறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் முகத்தில் அப்போது பார்த்ததை யார் முகத்திலும் பார்க்கக் கூடாது. பெரியப்பாவின் தூக்க முடியாத கை அவர் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கும். அவர் துண்டை எடுத்தார். அதில் இருந்த குங்குமக் கறையை விரித்துப் பார்த்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், நாங்க இருளருங்க. பயிர் வெக்கிற குடும்பம் இல்ல. எங்க கன்னியம்மா இந்த வண்டிக்குள்ள கீறா. கடல்லேருந்து ஊட்டுக்கு இட்டுகினு போறோம்." மறுபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார். "எங்க சாமி உள்ள கீறா! வழி உடுங்க!"

சிலர் சிரித்தார்கள். "சாமி டெம்போல வருதாம்டா!" என்று ஒருவன் கத்தினான். "டிக்கெட்டு எடுத்துச்சா?" என்றான் இன்னொருவன். நான் அவனை நோக்கிப் போனேன், மாமா பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டர்காரர் சிரிக்கவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார், தெரியாத ஆளைப் பார்ப்பது போல. பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே அந்தத் தெரு முழுக்க அப்பாவுக்குத் தோட்டம் இல்லாமல் போயிற்று. அது வேறு.

ரோட்டோரம் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி டெம்போவின் மூக்கில் வைத்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா ஒற்றைக் கையைத்தான் வைத்தார். டெம்போ நகர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது. வேப்பமரத்தடிக்கே வண்டியைக் கொண்டு போனோம். அம்மா மணலைக் குவித்து ஏழு படி கட்டினாள். மாமா அடியில் படுத்துத் திருகைத் திறந்தார். அப்பா குடத்தைப் பிடித்தார். துருவும் எண்ணெயும் கலந்து, வெதுவெதுப்பாக, ரத்தம் மாதிரி சிவப்பாக வந்தது தண்ணீர். கடற்கரையில் குடம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்து நின்றுவிட்டது. மாமா குழாயைத் தட்டினார், ஊதினார். வேறு வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"ஆவியா போச்சி யக்கா. மாங்காட்டாண்ட கொதிச்சதுல." மாமா வண்டியின் அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. அங்கேயே படுத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பாதான் ஊற்றினார். ஒவ்வொரு படிக்கும் ஊற்றி, ஒவ்வொரு படிக்கும் விழுந்து கும்பிட்டார். மணல் குடித்தது. அக்கா டெம்போவிலிருந்து தானாக இறங்கி வந்தாள். தலைமுடி உலர்ந்திருந்தது. நாங்கள் நிற்பதை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பசிக்கிது," என்றாள்.

அக்கா பிழைத்தாள். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. பூந்தமல்லிப் பக்கம்தான் குடித்தனம். நன்றாகச் சமைப்பாள், சத்தமாகப் பேசுவாள். ஆனால் முழுசாக வரவில்லை. அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் வெறும் கையில் இறக்கி வைப்பாள், சுடாது. அப்பா செத்தபோது பந்தலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு மோர் ஊற்றினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், "ஏண்டி எல்லாம் அழுவுறாங்க?" என்று. குடத்தில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அக்கா அந்த ரோட்டில் நின்றுவிட்டாள். இதற்காக நான் அப்பாவை மன்னிக்கவில்லை. அவர் நடு ரோட்டில் நின்று சொன்னதை மறக்கவும் இல்லை. ரெண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொண்ணூறுகளில் எனக்குக் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தினமும் அதே ரோட்டில் பஸ். காலை ஷிப்டு முடிந்து திரும்புகையில், மாங்காடு தாண்டி அந்த இடம் வரும்போது, சில நாள் மத்தியானத்தில், பஸ் ஜன்னல் ஓரம், காற்று சில்லென்று வரும். முதல் தடவை பயந்தேன். அப்புறம் கோபம் வந்தது. அப்புறம், வரும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

இதற்காக நான் போடாத சண்டை இல்லை. ஒரு தடவை பஸ்ஸில் நிற்க இடம் இல்லாத கூட்டம். ஒரு பெரிய மனுஷி என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"பையிக்கி சீட்டா? எடும்மா!"

"ஆளு வருது."

"எங்க ஏறும்?"

"அடுத்த ஸ்டாப்பிங்ல."

அடுத்த ஸ்டாப்பில் யாரும் ஏறவில்லை. அவள் என்னைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். நானும் ஏசினேன். ஆனால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சீட்டு காலியானதும் உட்காரப் போனவள், கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஈரமா கீது," என்றாள். கடைசி வரை நின்றுகொண்டே வந்தாள். நான் நகர்ந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன்.